ஃபிளாப் காட்டி: விளக்கா, முள்ளா, மீட்டரா?

சேலம் கருப்பூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் நண்பர் ஒருவர் இரண்டு இருக்கை விமானம் ஒன்றைத் தம் கையாலேயே கட்டிவருகிறார். இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகையான ஃபிளாப்பைக் கைநெம்புகோலால் இறக்குவதாக இருந்தால், அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். நெம்புகோல் எந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறது என்பதைக் கையே சொல்லிவிடும். ஆனால் அவர் மோட்டார் வைத்துவிட்டார், அதனால் ஒரு காட்டி தேவைப்பட்டது.

ஃபிளாப் வந்து தொட்டால் இயங்கும் லிமிட் சுவிட்சுகள் மூன்று, மூன்று விளக்குகள் என்பதுதான் அவருடைய முதல் யோசனை. மலிவானது, ஒரு மாலையில் முடிந்துவிடும். ஆனால் ஃபிளாப் ஒரு சுவிட்சை விட்டு விலகி அடுத்ததைத் தொடும்வரை மூன்றும் அணைந்தே இருக்கும். ஒயர் கழன்றாலும் அதே இருட்டுதான் என்பதால் இதை ஒதுக்கினோம்.

அடுத்தது, சைக்கிள் பிரேக் கம்பியை உறையோடு இழுத்துப் பேனலில் ஒரு முள்ளை அசைப்பது. மின்சாரமே வேண்டாம். முள்ளை ஒரு ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் கம்பியின் தொய்வு அளவில் கலக்காது. கம்பி அறுந்தாலும் முள் அளவுகோலைத் தாண்டிப் போய் நின்று காட்டிக்கொடுக்கும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பூ வெட்டுபவரிடம் கொடுத்துப் பித்தளைத் தகட்டில் 10, 20, 30 என்று டிகிரிகளை வெட்டி வாங்கினோம், பார்க்கவே அழகு. ஆனால் இருக்கைக்கு அடியில் கம்பி மூன்று இடங்களில் வளைய வேண்டியிருந்ததால், உராய்வு காரணமாக, ஃபிளாப் இறங்கும்போது ஒரு கணக்கும் ஏறும்போது வேறு கணக்குமாக முள் நின்றது.

எனக்குப் பிடித்தது பொட்டென்ஷியோமீட்டர். ரேடியோ மெக்கானிக்குகள் வால்யூம் என்பார்களே, அதுதான். ஆனால் திருப்பும் அளவுக்கு ஏற்பச் சீராக மாறும் லீனியர் வகை, 10 கிலோ ஓம். அது முழுதாகச் சுழல்வது ஏறத்தாழ 270 டிகிரி, ஃபிளாப் இறங்குவதோ 40 டிகிரி. ஆகவே 5 வோல்ட் கொடுத்து ஃபிளாப்போடு நேரடியாக இணைத்தால் அதிலிருந்து வரும் வோல்ட்டேஜின் மாற்றம் முக்கால் வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். வோல்ட்டேஜை எல்.இ.டி. விளக்குகளின் வரிசையாகக் காட்டும் எல்.எம். 3914 என்ற ஐ.சி.யில் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் நாமே வைத்துக்கொள்ளலாம் என்பதால், அந்த முக்கால் வோல்ட்டையே பத்து எல்.இ.டி.க்களுக்குப் பங்கிட்டு, விளக்குக்கு 4 டிகிரி என்று பிரிக்க முடிகிறது. அந்த 5 வோல்ட், வோல்ட்டேஜை மாறாமல் வைத்திருக்கும் ரெகுலேட்டரிலிருந்து வர வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் ஓடி பேட்டரி 12.6-லிருந்து 14 வோல்ட்டுக்கு ஏறும்போது ஃபிளாப் அசையாமலேயே விளக்கு நகரும். பொட்டென்ஷியோமீட்டரில் திறந்த வகையும் வாங்கக்கூடாது. கருப்பூரின் வெள்ளைக்கல் (மேக்னசைட்) தூசி உள்ளே போய்ச் சில வாரங்களில் கரகரக்க ஆரம்பித்துவிடும்.

பொட்டென்ஷியோமீட்டரை மோட்டாரின் பக்கம் பொருத்தவே கூடாது, ஏனெனில் இணைப்பு உடைந்து மோட்டார் மட்டும் சும்மா ஓடினாலும் விளக்கு ஒழுங்காக ஏறிக்கொண்டே போகும். இரண்டு ஃபிளாப்புகளையும் அசைக்கும் குழாயில்தான் பொருத்தினோம். அந்தக் குழாய்க்கு அப்பால் ஒரு பக்கத்துத் தண்டு மட்டும் கழன்று, இடது 20-இலும் வலது 0-விலும் நின்றால் என்ன செய்வது? அதற்கு இரண்டு ஃபிளாப்புகளின் முன்விளிம்பிலும், இறங்க இறங்க வெளிப்படும்படி அடித்த பெயின்ட் கோடுகளே போதும். இரவில் அவை தெரியாது. இந்த விமானம் பகலில் மட்டுமே பறக்கப்போவது. சிவப்பில் அடித்திருக்கிறோம், வெள்ளைக்கல் தூசி படிந்தாலும் இருக்கையிலிருந்து தெரிகிறது.