ஆறு வருடம் இன்சூரன்ஸ் இல்லாமல்: கிறிஸ்தவ மருத்துவச் செலவுப் பகிர்வில் எங்கள் அனுபவம்

2018 ஜனவரியில் சேர்ந்தோம், 2023 டிசம்பரில் விலகினோம். அந்த ஆறு வருடமும் டெக்சாஸில் இரண்டு பிள்ளைகளோடு மருத்துவ இன்சூரன்ஸ் இல்லாமல்தான் இருந்தோம். அதற்குப் பதிலாக ஒரு கிறிஸ்தவச் செலவுப் பகிர்வு அமைப்பில் உறுப்பினர்கள். டாலஸ் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் யாராவது வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கினால், அடுத்த ஞாயிறே இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். ஆராதனை முடிந்து காபி குடிக்கிற ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எந்த அமைப்பு என்று பெயர் சொல்லவில்லை. ஒவ்வொன்றின் விதியும் வேறு. எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

2017 கடைசியில் என் கணவர் கம்பெனி வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினார். வேலையோடு இன்சூரன்ஸும் போனது. தனியாக இன்சூரன்ஸ் வாங்குகிறவர்களுக்கான அரசாங்கச் சந்தையில் பார்த்தால் நான்கு பேருக்கு மாதம் 1,340 டாலர் பிரீமியம். அதைக் கட்டினாலும், முதல் 13,000 டாலர் வரை எங்கள் கையிலிருந்துதான். வருமானம் மானிய வரம்பைக் கொஞ்சம் தாண்டியிருந்ததால் ஒரு டாலர்கூட மானியம் கிடையாது. பகிர்வு அமைப்பில் மாதம் 480 டாலர். எங்களை முதலில் அங்கே கொண்டுபோனது இந்தக் கணக்குதான், விசுவாசம் இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

முறை இதுதான். ஒவ்வொரு குடும்பமும் மாதாமாதம் ஒரு பங்கு கொடுக்கிறது. யாருக்காவது பெரிய செலவு வந்தால் அந்தப் பணத்திலிருந்து போகிறது. ஆமிஷ், மென்னோனைட் என்ற பழைய கிறிஸ்தவச் சபைகளில் இந்தப் பழக்கம் ரொம்ப காலமாக உண்டு. இன்றைய பெரிய அமைப்புகளில் ஒஹையோவின் கிறிஸ்டியன் ஹெல்த்கேர் மினிஸ்ட்ரீஸ் 1981-லும், புளோரிடாவின் மெடி-ஷேர் 1993-லும் தொடங்கின. ஒபாமா காலத்துச் சுகாதாரச் சட்டம் வந்தபோது, 1999 டிசம்பர் 31-லிருந்து தொடர்ந்து நடந்துவருகிற பகிர்வு அமைப்புகளின் உறுப்பினர்களுக்கு மட்டும் இன்சூரன்ஸ் இல்லாததற்கான அபராதத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். 2019-லிருந்து மத்திய அரசின் அந்த அபராதமே பூஜ்யமாகிவிட்டது. ஆனால் நாங்கள் சேர்ந்தபோது அந்த விலக்கு எங்களுக்குப் பெரிய விஷயம்.

சேரும்போது சபைப் போதகரின் கையெழுத்து வேண்டும். புகையிலை கிடையாது, குடிவெறி கிடையாது, தவறாமல் ஆராதனைக்குப் போகிறோம் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். அப்புறம் ஒரு தாள். 'இது இன்சூரன்ஸ் அல்ல. உங்கள் பில்லுக்குப் பணம் வரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை' என்று தடித்த எழுத்தில் இருந்தது. சம்பிரதாயத்துக்குப் போடுகிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். அது சம்பிரதாயம் இல்லை. டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்கள் இந்த அமைப்புகளுக்கு இன்சூரன்ஸ் சட்டத்திலிருந்து விலக்கு தந்திருக்கின்றன. பணம் வரவில்லை என்றால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எதிராகப் போகிற மாதிரி இன்சூரன்ஸ் துறையிடம் போக முடியாது. 2021-ல் ஷாரிட்டி மினிஸ்ட்ரீஸ் என்ற பகிர்வு அமைப்பு திவாலானபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தீராத பில்களோடு நின்றன. அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் ஒன்றரை வருடம் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் அமைப்பில் பங்கை ஒரு பொது நிதிக்குக் கட்டுவதில்லை. இந்த மாதம் இந்தக் குடும்பத்துக்கு அனுப்புங்கள் என்று பெயரும் முகவரியும் வரும். செக் எழுதி, ஒரு கார்டு வைத்து அனுப்ப வேண்டும். ஒரு மாதம் மிசோரியில் முழங்கால் அறுவை சிகிச்சை, அடுத்த மாதம் ஓரிகனில் குறைமாதக் குழந்தை. செக் எழுதும்போதெல்லாம் எனக்கு அம்மா ஞாபகம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் எங்கள் ஊரில், அம்மா உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடியரிசி கோவிலுக்குப் போகும். மாதம் பணம் எடுக்கப்படுகிறது என்ற எரிச்சல் எனக்கு ஒரு நாளும் வராததற்கு அந்தப் பானைதான் காரணம்.

2019 அக்டோபரில் மகனுக்கு வயிற்று வலி. அவனுக்கு அப்போது பதினொரு வயது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எமர்ஜென்சிக்குப் போனோம். விடிவதற்குள் அப்பெண்டிக்ஸ் எடுத்துவிட்டார்கள். வரவேற்பில் இன்சூரன்ஸ் கார்டு கேட்டார்கள். "சுயமாகக் கட்டுகிறோம்" என்றதும் அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்தேன். வலியில் சுருண்டு கிடக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்ப்பது கஷ்டம்.

மொத்தம் ஐந்து பில்கள் வந்தன: மருத்துவமனை, அறுவை சிகிச்சை டாக்டர், மயக்க மருந்து டாக்டர், ஸ்கேன் படித்தவர், எமர்ஜென்சி டாக்டர். கூட்டினால் 41,600 டாலர். இங்கேதான் என் வேலை தொடங்கியது. இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி பேரம் பேசும். பகிர்வில் பேரம் பேசுவது நாம்தான். வரிவரியாகப் பிரித்த பில் கேட்டேன். போடாத ஒரு மருந்துக்கு 380 டாலர் போட்டிருந்தார்கள், எடுக்க வைத்தேன். ரொக்க விலை கேட்டேன். லாப நோக்கமற்ற மருத்துவமனைகள் ஏழைகளுக்கான உதவித் திட்டத்தை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. அந்த விண்ணப்பத்தையும் நிரப்பினேன். சமையல் மேடையில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். தேதி, யாரிடம் பேசினேன், என்ன சொன்னார்கள் என்று எழுதுவேன். நாற்பத்தேழு அழைப்புகள். கடைசியில் எல்லாம் சேர்த்து 17,900 டாலருக்கு வந்தது. அதில் முதல் 500 எங்களுடையது.

பணம் வர நான்கு மாதம் ஆனது. அதற்குள் மயக்க மருந்து டாக்டரின் அலுவலகம் வசூல் ஏஜென்சிக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதிவிட்டது. மாதம் நூறு டாலர் கட்டி அதைத் தள்ளிப்போட்டோம். பிப்ரவரியில் கவர்கள் வரத் தொடங்கின. ஒரே நாளில் ஒன்பது. பென்சில்வேனியா, ஐடஹோ, கென்டக்கி. மொத்தம் 38 குடும்பங்கள் அனுப்பியிருந்தன. பாதிக் கார்டுகளில் கலாத்தியர் 6:2, 'ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து' என்ற வசனம். ஐடஹோவிலிருந்து ஒரு பாட்டி மட்டும், தன் பேரனுக்கும் பதினொரு வயதில்தான் அப்பெண்டிக்ஸ் எடுத்தார்கள், ஒரு வாரம் ஜெல்லி மட்டும் தின்றுவிட்டு எட்டாம் நாள் மரம் ஏறினான், உங்கள் மகனை மரம் ஏற விடாதீர்கள் என்று எழுதியிருந்தார். என் மகன் அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னான். எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் எனக்கு அப்படி ஒன்று அனுப்பியதில்லை.

இதோடு நிறுத்தினால் எல்லாரும் சேர்ந்துவிடுவீர்கள். அதனால் அடுத்ததையும் சொல்ல வேண்டும்.

2020 ஆகஸ்டில் என் கணவருக்குச் சிறுநீரகக் கல். 9,200 டாலர். பகிர முடியாது என்று பதில் வந்தது. 2015 நவம்பரில், பழைய வேலையில் இருந்தபோது எடுத்த ஸ்கேனில் ஒரு சிறிய கல் இருந்ததாக எழுதியிருந்தார்கள். சேர்வதற்கு முன்பே இருந்த நோய் என்றால், அறிகுறியோ சிகிச்சையோ இல்லாமல் ஐந்து வருடம் கடந்திருக்க வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் விதி. மூன்று மாதம் குறைவு. மேல்முறையீடு செய்தோம், அதே பதில்தான். கோபம் வந்தது. இன்றும் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஒபாமா காலத்துச் சட்டப்படி வருகிற இன்சூரன்ஸ் 2014-லிருந்து பழைய நோயைக் காரணம் காட்டி ஒருவரைத் தள்ள முடியாது. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கிற இடத்தில் அதைக் காரணம் காட்டலாம் என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. விதியில் அடங்காத தேவைகளுக்கு ஜெபப் பட்டியல் ஒன்று உண்டு. விரும்பியவர்கள் பங்குக்கு மேல் அனுப்பலாம். இருபது, ஐம்பது என்று வந்து 2,300 டாலர் சேர்ந்தது. மீதியை நாங்களே கட்டினோம்.

சின்னச் செலவுகளும் கணக்கில் வர வேண்டும். வருடாந்தரப் பரிசோதனை, தடுப்பூசி, மேமோகிராம், பல், கண் எல்லாம் கைக்காசு. கட்டுகிற பங்குக்கு வரிவிலக்கு கிடையாது. வரியில்லாமல் சேர்க்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலும் இதை வைத்துப் பணம் போட முடியாது. ஒரு நல்லதும் நடந்தது. 2022-லிருந்து, இன்சூரன்ஸ் இல்லாமல் கட்டுகிறவர்களுக்கு முன்கூட்டியே செலவு மதிப்பீடு தர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ தாண்டினால் எதிர்த்துக் கேட்கலாம். அந்த வருடம் எனக்குப் பித்தப்பை எடுத்தபோது மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று இடத்தில் விலை கேட்டேன். 2019-ல் இது இருந்திருந்தால் என் நோட்டில் பாதி அழைப்புகள் இருந்திருக்காது.

நாங்கள் விலகியதற்குக் காரணம் சர்க்கரை. 2023 பிப்ரவரியில் எனக்கு வந்திருப்பது தெரிந்தது. திடீரென வருகிற பெரிய செலவுக்குப் பகிர்வு நன்றாக வேலை செய்கிறது. வாழ்நாள் முழுக்கத் தின்ன வேண்டிய மாத்திரைக்கு வேலை செய்யவில்லை. சில மாதத்து மருந்துச் செலவோடு அது நின்றுவிடும். சரி, இன்சூரன்ஸுக்கு மாறலாம் என்று பார்த்தால் இன்னொரு கதவு மூடியிருந்தது. வேலை போய் இன்சூரன்ஸ் போனால் நடுவருடத்தில் சேர விடுவார்கள். பகிர்விலிருந்து விலகினால் விட மாட்டார்கள், ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அது இன்சூரன்ஸே இல்லை. எல்லாரும் சேரக்கூடிய காலம் தொடங்குகிற நவம்பர் 1 வரை காத்திருந்தோம். அதற்குள் 2021-ல் வந்த கூடுதல் மானியத்தால் எங்கள் பிரீமியம் மாதம் 610 டாலராக இறங்கியிருந்தது.

வாங்கியதையும் கொடுத்ததையும் கூட்டிப் பார்த்தேன். பங்கு, கைக்காசு, பகிராத கல் எல்லாம் சேர்த்தாலும், ஆறு வருடத்தில் இன்சூரன்ஸைவிட ஏறக்குறைய 40,000 டாலர் குறைவாகத்தான் செலவாகியிருக்கிறது. ஆனால் அந்த ஆறு வருடத்தில் எங்களில் யாருக்கும் புற்றுநோய் வரவில்லை. அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை.

போன வருடம் எங்கள் சபையில் ஒரு இளம் தம்பதி கேட்டார்கள். முதலில் உங்கள் பழைய மருத்துவப் பதிவுகளைக் கொண்டுவாருங்கள் என்றேன். அந்தப் பெண் ஏழு வாரக் கர்ப்பம். சேர்வதற்கு முன்பே உண்டான கர்ப்பத்தைப் பெரும்பாலும் பகிர மாட்டார்கள். நல்லவேளை, அது நவம்பர் மாதம். அவளுக்கு இன்சூரன்ஸ் எடுத்தார்கள். முந்தைய நோய் எதுவும் இல்லாத அந்தத் தம்பி மட்டும் பகிர்வில் சேர்ந்தார். முதல் பங்கு அனுப்ப வேண்டிய மாதம் போன் செய்தார்.

"அக்கா, நெப்ராஸ்காவில் ஒருத்தருக்கு இடுப்பு எலும்பு முறிவாம். கார்டில் என்ன எழுத? வசனம் போடட்டுமா?"

"வசனம் நிறையப் பேர் போடுவார்கள் தம்பி. உங்கள் ஊரில் யாருக்காவது எலும்பு முறிந்திருக்கிறதா?"

"தாத்தா பனையிலிருந்து விழுந்திருக்கிறார்."

"அதை எழுதுங்கள்," என்றேன்.