ஹையேஸ் வேனுக்கு ஒல்டர்னேட்டர் மாற்றுகிறவர்கள் கவனம், பிரேக்கும் அதில்தான் இருக்கிறது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய டீசல் ஹையேஸில் ஹயர் ஓடுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். கல்முனைப் பக்கம் ஒரு கராஜில் 45,000 ரூபாய் கொடுத்து என் டொல்பின் வேனுக்கு (ஹையேஸில் ஒரு மொடல்) ஒல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற டைனமோ, மாற்றினேன், அந்த வேலையால் ஆட்களோடு நடு றோட்டில் பிரேக் இல்லாமல் போனது.

பற்றரி லைட் விட்டு விட்டு எரிகிறது என்றுதான் போனேன். "டைனமோ முடிஞ்சுது தம்பி, ஜப்பான் ரீகண்டிஷன் ஒண்டு கிடக்கு, ஆறு மாச வாரண்டி" என்றார் கராஜ்காரர். பில் கேட்டால் "பிறகு எழுதித் தாறன்". கழற்றிய பழையதைக் கேட்டால், வேலை முடிய முதலே இரும்புக்காரன் கொண்டுபோய் விட்டானாம்.

இந்தப் பழைய ஹையேஸில் வருகிற 2எல், 3எல் டீசல் எஞ்சின்களில் ஒல்டர்னேட்டரின் பின்பக்கமே, காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்குகிற வேக்கம் பம்ப் பூட்டியிருக்கும். பெட்ரோல் வண்டியைப் போல டீசல் எஞ்சினில் பிரேக் பெடலை இலேசாக மிதிக்க உதவுகிற பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் தானாகக் கிடைக்காது, இந்தப் பம்ப்தான் அதைக் கொடுக்கிறது, அதற்கு எஞ்சின் ஒயில் ஒரு குழாயால் போய் இன்னொரு குழாயால் எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டிக்கு (சம்பு) திரும்பும். அந்த மனுசன் இறுகி வெடித்துப் போன பழைய குழாய்களையே திரும்பப் பூட்டி, ஒரு கிளிப்பைச் சரியாக முறுக்காமலும் விட்டிருக்கிறார். ஒயில் முழுக்க பெல்ட்டில் ஒழுகியிருக்கிறது, வேக்கம் குழாயும் கழன்று விட்டது. களுவாஞ்சிக்குடி தாண்டும்போது பெடல் கல்லாக இறுகிவிட்டது! கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் ஓரம் கட்டினேன். சமதரையானபடியால் தப்பினோம், இதே வேனில் கண்டிக்குப் போய்வரும்போது மகியங்கனைப் பதினெட்டு வளைவில் இறங்குகிற நான், அதை நினைத்தால் இப்பவும் நெஞ்சு பதறுகிறது.

அப்புறம் மட்டக்களப்பில் தெரிந்த வயரிங் பாஸிடம் (வாகன மின்வேலை செய்பவர்) காட்டினேன். ஏசியும் ஹெட்லைட்டும் போட்டு எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 12.7 வோல்ட்தான் காட்டியது, 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருக்க வேண்டும். கழற்றிப் பார்த்தால் உள்ளே மின்சாரம் கடத்துகிற பிரஷ் தேய்ந்து முடிந்து, அது உரசுகிற சிலிப் ரிங்கில் பள்ளம் விழுந்து கிடக்கிறது. வெளியே மட்டும் புதுசாக சில்வர் பெயிண்ட்.

திரும்பக் கொண்டுபோய்க் கேட்டதற்கு, "வேற ஆள் கழட்டினபடியால் வாரண்டி இல்லை" என்று கதவைச் சாத்தாத குறையாக அனுப்பிவிட்டார். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மாற்றப் போகிறவர்கள் பழையதைக் கையில் வாங்குங்கள், ஒயில் குழாய் இரண்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், கராஜை விட்டு வெளிக்கிட முதல் எஞ்சினை ஓட விட்டு வோல்ட் பாருங்கள், அந்த நேரத்திலேயே பெடலையும் மிதித்துப் பாருங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். இப்படி ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் அழைக்கலாம், ஆனால் முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். காசு வங்கியில் போட்ட துண்டையும் கழற்றிய பாகங்களின் படங்களையும் வைத்து நான் கொடுத்துவிட்டேன், பதில் வந்ததும் எழுதுகிறேன்.