நாகர்கோவில் புழுக்கத்துக்கு எந்த பியர்?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் அத்தான் மே மாத லீவுக்கு வந்தபோது, கஸ்டம்ஸில் அனுமதிக்கிற 2 லிட்டரையும் பியராகவே கொண்டுவந்தார். அரை லிட்டர் பாட்டில் நாலு. விஸ்கியை எதிர்பார்த்திருந்த சித்தப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ கொண்டாட்டம். ஸ்ட்ராங் பியர்தான் பியர் என்று நினைக்கிற ஊரில் பில்ஸ்னர், ஹெஃபவைசன், கோல்ஷ், கோஸே என்று நாலு பியர் வகைகளையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது லேசில் நடக்கிற காரியமா?

நாகர்கோவில் பக்கத்து ஈத்தாமொழி வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பில், மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்தோம். நம்ம ஊர் வெயில் வேலூர், மதுரை மாதிரி 40 டிகிரிக்கெல்லாம் போகாது. 33, 34-இல் நின்றுவிடும். ஆனால் கடல் பக்கத்தில் இருப்பதால் வேர்வை காயாது, சட்டை முதுகோடு ஒட்டியே கிடக்கும். அதனால் என் தீர்ப்பு இந்தப் புழுக்கத்துக்கு மட்டும்தான். வறண்ட ஊர்க்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அப்புறம், பியர் தாகம் தீர்க்காது. ஆல்கஹால் சிறுநீரைக் கூட்டி உடம்பில் இருக்கிற தண்ணீரையும் வெளியேற்றும். ஆளுக்கொரு கருக்கு (இளநீர்) வெட்டிக் குடித்துவிட்டுத்தான் முதல் மூடியைத் திறந்தோம்.

பில்ஸ்னருக்கு நான் அநியாயம் செய்துவிட்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1842-இல் செக் நாட்டுப் பில்சன் நகரத்தில் பிறந்த வகை. உலகம் முழுக்க ஓடுகிற லாகர் வகை பியர்களுக்கெல்லாம் ஏறக்குறைய பாட்டன். முதல் கிளாஸ் பிரமாதம். தேங்காயெண்ணெயில் பொரித்த நெத்திலியின் பிசுக்கை அந்தக் கசப்பும் நுரையும் துடைத்து எடுத்துவிட்டன. மீதியைக் கிணற்றுச் சுவரில், நல்ல வெயிலில் வைத்துவிட்டு மரச்சீனிக் கிழங்கு எடுக்கப் போனேன். பச்சைக் கண்ணாடி பாட்டில். திரும்பி வந்து ஊற்றினால் மரநாய் வாடை. வெளிச்சம் பட்டால் பியரில் போடுகிற ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் உடைந்து கந்தக வாடை வரும், பச்சைக் கண்ணாடி அதைச் சரியாகத் தடுக்காது என்று அத்தான் விளக்கினார். முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

ஹாப்ஸ் கசப்பு தூக்கலான ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) பியர் பெட்டியில் இல்லை. பெங்களூரில் குடித்த ஞாபகத்தை வைத்துச் சொல்கிறேன்: ஏசி அறையில் ரசிக்கலாம், இந்தப் புழுக்கத்தில் அந்தக் கசப்பு தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

ஹெஃபவைசன்தான் ஜெயிக்கும் என்று பந்தயமே கட்டியிருந்தேன். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துக் கோதுமை பியர். மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தில், பாதிக்கு மேல் கோதுமை. முக்கால் பாட்டிலை ஊற்றிவிட்டு, மீதியை லேசாகச் சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்டையும் சேர்த்துக் கிளாஸில் இறக்க வேண்டும். கலங்கலாக, மேலே கட்டி நுரையோடு வந்தது. மூக்கைக் கொண்டுபோனால் வாழைப்பழமும் கிராம்பும்! இரண்டையுமே யாரும் போடுவதில்லை, எல்லாம் அந்த ஈஸ்ட்டின் வேலை. மட்டி வாழைப்பழத்துக்கும் மலையோரக் கிராம்புக்கும் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்துக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

குடித்தால்தான் தெரிந்தது. பாதி கிளாஸ் வரை சொர்க்கம், அதற்குமேல் வயிறு நிறைந்த மாதிரி ஒரு கனம். சூடேறினால் பழ மணம் தித்திப்பாகத் திரிந்து, கனிந்து போன பழக்குலை மாதிரி ஆகிவிடுகிறது. அதற்கென்று இருக்கிற உயரமான அரை லிட்டர் கிளாஸ் நம் வெயிலுக்குப் பெரிய எதிரி. கோடை மழை பெய்து மண் குளிர்ந்த சாயங்காலத்தில் குடித்தால் கதை வேறாக இருக்கும் என்றுதான் படுகிறது.

கிளாஸ் விஷயத்தில் புத்திசாலிகள் கொலோன் நகரத்துக்காரர்கள். தங்கள் ஊர் பியரான கோல்ஷை 200 மில்லி பிடிக்கிற ஒல்லிக் கிளாஸில்தான் ஊற்றுவார்கள். தீரத் தீரப் பணியாள் புதுக் கிளாஸ் வைத்துக்கொண்டே இருப்பார். போதும் என்றால் கிளாஸுக்கு அடியில் வைக்கிற அட்டையை எடுத்துக் கிளாஸ்மேல் மூடிவிட வேண்டும். நாங்கள் டீ கிளாஸில் குடித்தோம். சூடேறுவதற்குள் தீர்ந்துவிடுகிறது, பாட்டில் ஐஸ் வாளியிலேயே கிடக்கிறது. சுவையில் பெரிய வித்தை கிடையாது. மெல்லிசு, சுத்தம், லேசான பழ வாசனை, அவ்வளவுதான். குறை சொல்லத் தேடினேன், கிடைக்கவில்லை.

கடைசியாகக் கோஸே. ஜெர்மனியின் கோஸ்லார் ஊரில் பிறந்து லைப்சிக்கில் பேர் வாங்கியது. 1960களில் அடியோடு நின்றுபோய், 80களில் திரும்ப உயிர்பெற்ற வகை. கோதுமை, கொத்தமல்லி விதை, தயிரில் வருகிற லாக்டிக் புளிப்பு, அப்புறம் உப்பு. ஆமாம், பியரில் உப்பு. அம்மா கிளாஸை வாங்கி மோந்து பார்த்தாள். "இது கெட்டுப் போச்சுல்லா மக்ளே, புளிச்ச மோரு மணம்லா அடிக்கி."

அம்மா குறையாகச் சொன்னதுதான் அதன் பெருமை. உப்புப் போட்ட எலுமிச்சைச் சோடாவும் மோரும் சேர்ந்து பியராக வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கசப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆல்கஹாலும் நாலரை சதவீதத்தை ஒட்டித்தான். உப்பு தனியாகத் தெரியாது. நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊற வைத்துவிட்டுப் போகும். எத்தனையோ வேர்வை போன உடம்புக்கு அதில் உப்பு திரும்பக் கிடைத்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள், அந்த அளவெல்லாம் இல்லை. ஆனால் மிளகாய் அரைத்துப் பொரித்த சாளையோடு ஒரு மடக்கு குடித்தபோது, எங்கள் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துப் பக்கம் வீசுகிற காற்றைக் கிளாஸில் பிடித்த மாதிரி இருந்தது. வெதுவெதுப்பான கடைசி மடக்கும் நன்றாகவே இருந்தது. மற்ற மூன்றிலும் அது நடக்கவில்லை.

அடுத்த மே மாதத்துக்குக் கோஸே மூன்று, கோல்ஷ் ஒன்று என்று அத்தானிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். "ஹெஃபவைசன் இல்லாம ஒரு பெட்டியாலே?" என்று அவர் இன்னும் இறங்கி வரவில்லை. சித்தப்பா விஸ்கியிலேயே நிற்கிறார்.