பெட்டி வைப்பதா, செடி வைப்பதா? வீட்டுத் தோட்டமும் தேனீக்களும்: ஓர் ஒப்பீடு

வீட்டைச் சுற்றி மூன்று சென்ட் அளவுக்கு மண் மிச்சமிருக்கும் ஒருவர், தேனீக்களுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று நினைத்தவுடன் முதலில் விசாரிப்பது தேனீப் பெட்டியின் விலையைத்தான். பெட்டி கண்ணுக்குத் தெரியும், தேன் கையில் கிடைக்கும், வந்தவர்களிடம் காட்டவும் முடியும். பல வகைச் செடிகளை வைத்து, அவற்றைப் பூக்க விடுவது அந்த அளவுக்குப் பெரிய காரியமாக யாருக்கும் தோன்றுவதில்லை. தமிழகச் சமவெளியில் உள்ள சாதாரண வீட்டுத் தோட்டம் ஒன்றை மனத்தில் வைத்து இவ்விரு வழிகளையும், செடி வைப்பதற்குள்ளேயே போட்டியிடும் வழிகளையும் இங்கே ஒப்பிடுகிறேன். என் சாய்வு செடியின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லாச் செடியின் பக்கமும் அல்ல.

யாருக்கு உதவப் போகிறோம் என்பது தெளிவாகாமல் எதையும் ஒப்பிட முடியாது. தமிழகத்தில் தேன் சேர்த்து வைக்கும் தேனீக்கள் ஐந்து வகை. மலைத்தேனீ உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலும் பெரிய ஒற்றை அடையைக் கட்டும். கொம்புத்தேனீ புதர்க் கிளையில் சிறிய அடையைத் தொங்கவிடும். இவ்விரண்டையும் பெட்டியில் வளர்க்க இயலாது. அடுக்குத்தேனீ எனப்படும் இந்தியத் தேனீயும், 1960களில் வட இந்தியாவில் நிலைபெற்றுப் பின்னர் தெற்கே வந்த இத்தாலியத் தேனீயும் பெட்டிக்கு உரியவை. ஐந்தாவது, கொடுக்கு இல்லாத கொசுத்தேனீ. இவற்றைத் தவிர, ராணி, பணித்தேனீ என்ற குடும்ப ஏற்பாடு எதுவும் இல்லாமல், ஒவ்வொரு பெண்ணும் தனியே கூடமைத்துத் தன் குஞ்சுகளுக்கு மட்டும் மகரந்தம் சேர்க்கும் தனித்தேனீக்கள் பல நூறு இனங்கள் இந்நாட்டில் உண்டு. கருவண்டு என்று நாம் விரட்டுகிற தச்சுத்தேனீ, வயிற்றில் நீல வரிகள் ஓடும் நீலவரித்தேனீ, ரோஜா இலையை அரைவட்டமாகக் கத்தரித்துச் செல்லும் இலைவெட்டித்தேனீ ஆகியவை அவற்றில் நம் கண்ணில் அடிக்கடி படுபவை. உலகில் பெயரிடப்பட்ட ஏறத்தாழ 20,000 தேனீ இனங்களில் பெரும்பாலானவை இத்தகைய தனித்தேனீக்கள்தாம். தேனீ என்ற சொல்லைக் கேட்டதும் பெட்டி நினைவுக்கு வருவதால், இவை கணக்கிலேயே வராமல் போய்விடுகின்றன.

பெட்டியின் கணக்கு

அடுக்குத்தேனீப் பெட்டி ஒன்று, நன்றாகப் பராமரித்தால், ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ வரை தேன் தரக்கூடும். அதற்கு வாரம் ஒருமுறை, குஞ்சுகள் வளரும் புழு அறையைத் திறந்து பார்க்க வேண்டும். எறும்பு ஏறாமல் தாங்கியின் கால்களுக்கு நீர்க் கிண்ணம் வைக்க வேண்டும். மெழுகு அந்துப்பூச்சி அடையைத் தின்னாமல் கவனிக்க வேண்டும். பூ இல்லாத மாதங்களில் சர்க்கரைப் பாகு ஊற்ற வேண்டும். இத்தனையும் செய்தாலும், உணவு குறைந்தால் கூட்டத்தோடு பெட்டியை விட்டு ஓடிவிடுவது அடுக்குத்தேனீயின் இயல்பு. 1991இல் தொடங்கித் தென்னிந்தியாவில் பரவிய, தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் நோய், கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வைத்திருந்த பெட்டிகளில் பெரும்பகுதியைக் காலியாக்கியது. மார்த்தாண்டம் பகுதியில் தலைமுறையாகத் தேனீ வளர்த்தவர்களே அன்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஆகவே பெட்டி என்பது ஆடு, மாடு போல ஒரு வளர்ப்பு. அதை நன்றாகச் செய்பவர்களுக்கு அது நல்ல தொழில். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதற்குப் பயிற்சியும் அளிக்கிறது.

ஆனால் வளர்ப்பும் பாதுகாப்பும் ஒன்றல்ல. அடுக்குத்தேனீ உணவு தேடி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வரை செல்லும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பெட்டியின் மேய்ச்சல் வட்டம் 775 ஏக்கருக்கும் மேல் வரும். நம் மூன்று சென்ட் அதில் ஒரு புள்ளி. பெட்டியைத் தோட்டத்தில் வைத்தாலும் அதற்குச் சோறு போடுவது ஊர்தான். ஊரில் இருக்கும் பூக்களின் அளவு மாறாமல், அங்கே உண்ணும் வாய்களை மட்டும் சில ஆயிரம் கூட்டுகிறோம். 2017இல் அமெரிக்காவில் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, ஒரு பெட்டித் தேனீக் கூட்டம் மூன்று மாதங்களில் சேர்க்கும் மகரந்தம் சுமார் ஒரு லட்சம் தனித்தேனீக் குஞ்சுகளை வளர்க்கப் போதுமானது. அந்தக் கணக்கு அங்கே வந்தேறியான இத்தாலியத் தேனீயைப் பற்றியது என்பதால் அதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்கக் கூடாது. நம் அடுக்குத்தேனீ இந்த மண்ணுக்கே உரியது, அதன் கூட்டமும் சிறியது. எனினும், பூ குறைவாக உள்ள நெருக்கமான நகர்ப்பகுதியில் தெருவுக்கு நான்கு பெட்டி வைப்பதைத் தேனீப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெட்டி வெல்லும் இடமும் உண்டு. சூரியகாந்தியோ எள்ளோ வெள்ளரியோ ஏக்கர் கணக்கில் ஒரே நேரத்தில் பூக்கும் நிலத்தில், அத்தனை பூக்களையும் குறுகிய நாள்களுக்குள் தொட்டு முடிக்கக் கூட்டமாக வாழும் தேனீக்களே பயன்படும். அங்கும் காட்டுத் தேனீக்களின் பங்கு சிறிதன்று: உலகெங்கும் 41 பயிர் அமைப்புகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, பூச்சிகளின் வருகை ஒரே அளவு கூடும்போது காய்ப்பிடிப்பில் காட்டுப் பூச்சிகள் தரும் உயர்வு, வளர்ப்புத் தேனீக்கள் தருவதைப் போல் இரு மடங்கு என்று கண்டது.

பெட்டிக்கும் செடிக்கும் நடுவே கொசுத்தேனீப் பானை என்ற ஒரு வழி இருக்கிறது. கொட்டாது, குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் வைக்கலாம், மேய்ச்சல் தூரம் சில நூறு மீட்டர்தான். தேன் மிகக் குறைவு. பழைய சுவரின் இடுக்கில் மெழுகுக் குழாய் போன்ற வாசலுடன் அது ஏற்கெனவே குடியிருந்தால், சுவரை உடைத்துப் பானைக்கு மாற்றுவதைவிட அந்த இடுக்கைச் சிமென்ட் பூசி அடைக்காமல் விடுவது மேல்.

அழகுச் செடியும் ஆவாரையும்

இனிச் செடிக்கு வருவோம். நர்சரியில் விற்பவை எல்லாம் பூச்செடிகள்தாம். ஆனால் பூ எல்லாம் தேனீக்கு உணவு அல்ல. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறிவிட்டன. நமக்கு அடுக்கடுக்காக அழகு, தேனீக்குக் காலிப் பாத்திரம். அடுக்கு நந்தியாவட்டையும் நெருக்கமான இதழ்கள் கொண்ட கலப்பினச் செண்டுமல்லியும் ஏறக்குறைய அப்படித்தான். இட்லிப்பூவின் குழல் நீளமானது. பட்டாம்பூச்சியின் உறிஞ்சுகுழல் எட்டும் ஆழத்தைக் கொசுத்தேனீயின் நாக்கு எட்டாது. காகிதப்பூவில் நாம் பார்க்கும் நிறம் இதழின் நிறமே அல்ல, இலைச் செதிலின் நிறம். மல்லிகை இரவில் மலர்ந்து அந்துப்பூச்சிகளை அழைக்கும் பூ. அதையும் மொட்டாகவே பறித்துவிடுகிறோம். பூ அலங்காரத்துக்கென உருவாக்கிய சூரியகாந்தி வகைகளில் மேசையில் தூள் கொட்டக் கூடாது என்பதற்காக மகரந்தத்தையே நீக்கியிருக்கிறார்கள். இவற்றை வளர்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் வீட்டு வாசலிலும் காகிதப்பூ இருக்கிறது. தேனீக்காக வைத்தேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

இவற்றோடு ஒப்பிட்டால் சமையலறைத் தோட்டம் பன்மடங்கு மேலானது, ஒரு நிபந்தனையுடன்: எல்லாவற்றையும் பறித்துவிடாமல் சிலவற்றை விதைக்கு விட வேண்டும். விதைக்கு விட்ட கொத்தமல்லி, கடுகு, முள்ளங்கி, வெங்காயத் தாள் ஆகியவற்றின் சிறு பூக்களில் எல்லா வகைத் தேனீக்களும் அமரும். துளசியில் கதிர் வந்தவுடன் கிள்ளிவிடுவது நம் வழக்கம். இரண்டு செடிகளில் மட்டும் கதிரை விட்டுவைத்தால், காலை எட்டு மணி முதல் நீலவரித்தேனீ அங்கே ஊசலாடுவதைக் காணலாம்.

கத்தரியும் தக்காளியும் தனியே பேசத்தக்கவை. இவற்றின் பூக்களில் தேன் இல்லை. மகரந்தமும் பையின் நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே வெளிவரும். நீலவரித்தேனீயும் தச்சுத்தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு, இறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைத்து, உப்புக் குப்பியிலிருந்து உப்பு உதிர்வதைப் போல மகரந்தத்தை உதிர்க்கின்றன. அப்போது எழும் ரீங்காரம் பறக்கும்போது எழுவதைவிடச் சன்னமாகவும் கூர்மையாகவும் கேட்கும். அடுக்குத்தேனீ, இத்தாலியத் தேனீ, கொசுத்தேனீ ஆகிய மூன்றுக்குமே இந்த வித்தை தெரியாது. இப்பூக்கள் தாமாகவும் ஓரளவு காய்க்கும் என்றாலும், அதிர்வு கிடைத்தால் காய்ப்பிடிப்பு மேம்படும். ஆகவே கத்தரிக்காய்க்காகத் தேனீப் பெட்டி வாங்குபவர், ஆள் மாற்றிக் கூலி கொடுக்கிறார்.

ஆவாரம்பூவும் இதே ரகம்தான்: தேன் கிடையாது, துளை வழி மகரந்தம், அதிரவைக்கத் தெரிந்த தேனீக்கே திறக்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரங்கொத்தைத் தேடி அலையும் நாம், அதையே வேலியில் வைத்தால் இரண்டுக்கும் ஆயிற்று. நொச்சியும் முருங்கையும் துவரையும் அவரையும் தச்சுத்தேனீயையும் இலைவெட்டியையும் இழுக்கும். எருக்கு இருந்தால் கருவண்டு வந்தே தீரும். மேலும், கொம்புத்தேனீ அடை கட்டுவதற்கு மருதாணி போன்ற அடர்ந்த வேலிப் புதர் வேண்டும். சிமென்ட் மதிலில் அது கட்டாது. உணவும் வீடும் ஒன்றாகக் கிடைப்பதால் நாட்டு வேலிச் செடிக்கே நான் முதலிடம் தருவேன்.

அதற்காக வெளிநாட்டுச் செடி அனைத்தையும் தள்ளவும் தேவையில்லை. ஒற்றை இதழ்க் காஸ்மாஸ் எளிதாக வளர்ந்து விரைவில் பூக்கிறது. கொடியாகப் படர்ந்து இளஞ்சிவப்புக் கொத்துகளாகப் பூக்கும் ஆன்டிகோனானில் தேனீக்கள் மொய்ப்பது உண்மை; ஆனால் மெக்சிகோவிலிருந்து வந்த அக்கொடி, விட்டால் பக்கத்துக் காலிமனையையும் விழுங்கிவிடும்.

எந்த மாதத்துக்கு எது

செடிகளைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பாலோர் வகைகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். நான் மாதத்தைப் பார்க்கச் சொல்வேன். பங்குனி, சித்திரையில் புங்கும் வேம்பும் நாவலும் தெருவெங்கும் பூக்கின்றன. வைகாசி, ஆனியில் புளி பூக்கிறது. ஒரு பெரிய புங்க மரத்தின் பூக்களுக்கு ஈடாக மூன்று சென்ட்டில் எதையும் வைத்துவிட முடியாது, வைக்கத் தேவையும் இல்லை. தென்னை மாதம் ஒரு பாளை விடுவதால் மகரந்தம் ஆண்டு முழுதும் ஓரளவு கிடைக்கும். நெருக்கடி வருவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்: மரங்களில் பூ இராது, இருக்கும் பூக்களின் தேனையும் மழை கழுவிவிடும், தேனீ பறக்கக் கிடைக்கும் வெயில் நேரமும் சில மணிதான். அந்தச் சமயத்தில் தோட்டத்தில் தானாக முளைத்துப் பூப்பவை தும்பை, நெருஞ்சி, தாத்தாப்பூ. சரியாக அதே வாரத்தில்தான் ஆள் வைத்துக் களை எடுக்கிறோம். தோட்டத்தின் ஒரு மூலையில் பத்துக்குப் பத்து அடி இடத்தைக் களை எடுக்காமல் தை வரை விட்டுவைப்பது, காசு செலவில்லாத வழி. நர்சரியில் வாங்கும் எதுவும் அந்த இரண்டு மாதங்களில் அதற்கு ஈடாகாது என்பது என் கணிப்பு.

பூவைப் போலவே கூடமைக்கும் இடமும் கணக்கில் வர வேண்டும். தனித்தேனீக்களில் பெரும்பாலானவை வெறும் மண்ணில் துளையிட்டு வாழ்பவை. நீலவரித்தேனீ மண் சுவரிலும் கூடமைக்கும். முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதித்து, பாத்திக்குக் கறுப்பு நெகிழித் தாள் போர்த்திவிட்டு, ஆயிரம் பூ வைத்தாலும் அவற்றுக்கு அங்கே குடியிருக்க வழியில்லை. இணையத்தில் விற்கும் ‘பூச்சி விடுதி’ மண்ணில் வாழ்பவற்றுக்கு உதவாது; இலைவெட்டி போன்ற சிலவற்றுக்கே பயன்படும். அதற்கும் ஒரு முனை கணுவால் அடைபட்ட மூங்கில் துண்டுகளைச் சாரல் படாத இடத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதும். கவாத்து செய்த காய்ந்த தண்டுகளை எரிக்காமல் வைத்திருந்தால், உள்ளே நெட்டியுள்ளவற்றில் மிகச் சிறிய தச்சுத்தேனீக்கள் குடியேறும். ரோஜா இலையில் அரைவட்ட வெட்டு தென்பட்டால் புழு என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் அதிகம். வெட்டு கத்தரிக்கோலால் எடுத்ததைப் போலச் சுத்தமாக இருந்தால் அது இலைவெட்டியின் வேலை, செடிக்கு ஒன்றும் ஆகாது. மருந்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: இமிடாகுளோப்ரிட் போல வேர்வழி ஏறிப் பூந்தேன்வரை செல்லும் மருந்தை ஊற்றிவிட்டு, இந்தக் கட்டுரையில் சொன்ன எதைச் செய்தாலும் வீண். வேப்பெண்ணெய்க் கரைசலையும் பூ மூடிய பின், மாலையில் தெளிப்பது நல்லது.

ஆகவே மூன்று சென்ட் உள்ளவருக்கு என் வரிசை இது: முதல் ஆண்டில் வேலிக்கு ஆவாரையும் நொச்சியும், பாத்தியில் விதைக்கு விட்ட கொத்தமல்லியும் துளசியும் துவரையும், மூலையில் தும்பை, வெயில் படும் ஓரத்தில் கொத்தாத வெறும் மண் ஒரு பாய் அளவு, கூழாங்கல் இட்ட தட்டில் தண்ணீர். அழகுச் செடிகள் வாசலோடு நிற்கட்டும். மாடித் தோட்டம் மட்டுமே உள்ளவர் துளசி, கத்தரி, கொத்தமல்லித் தொட்டிகளோடு மூங்கில் கட்டை வைத்துக்கொள்ளலாம். வெறும் மண் அவரால் தர இயலாது. பெட்டி ஆசை போகாதவர், அடுத்த ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில் தோட்டத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, தும்பையில் எத்தனை தேனீக்கள் அமர்கின்றன என்று பார்க்கட்டும். அந்த மாதத்திலும் பூ மிஞ்சிக் கிடந்தால், கிழக்குப் பார்த்த நிழலில் ஒரே ஒரு அடுக்குத்தேனீப் பெட்டியை வைக்கலாம்.