நூற்றைம்பது ரூபாய் கன்னும் அறுநூறு ரூபாய் கன்னும்

குளியலறைத் தொட்டியின் ஓரத்தை அடைக்க முதலில் வாங்கியது 150 ரூபாய் சிலிக்கான் கன், அதாவது குழாயிலுள்ள பசையைத் தள்ளி வெளியேற்றும் கருவி. தள்ளும் தண்டு முழுக்கப் பற்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ‘டக்’கென்று ஒரு பல் நகரும், பசை ஒரே சீராக வராமல் திட்டுத் திட்டாக விழும். கையை எடுத்த பிறகும் குழாயின் மூக்கிலிருந்து வழிந்துகொண்டே இருக்கும். கிரானைட்டில் காய்ந்த அந்த வெள்ளைப் புழுவைப் பிளேடால் சுரண்டியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

பிறகு கண்ணாடியைச் சுவரில் ஒட்டக் கெட்டியான பசைக் குழாயைப் போட்டேன். பசை நகரவில்லை, கன்னின் சட்டம்தான் வளைந்தது.

இப்போது வைத்திருப்பது 18:1 விசை விகிதம் கொண்டது. விலை 600 ரூபாய். கைப்பிடியில் கை கொடுக்கும் அழுத்தம் பசையைத் தள்ளும்போது ஏறத்தாழ 18 மடங்காகிறது. சாதாரண சிலிக்கானுக்கு 12:1 போதும். கெட்டிப் பசைக்குப் போதாது. தண்டு வழவழப்பானது. கையை விட்டதும் தண்டு சற்றே பின்வாங்குகிறது, ஒழுகல் நின்றுவிடுகிறது. சிலிக்கானுக்கு இரண்டு விரல் போதும். வழக்கமான 300 மில்லி குழாய் ஆடாமல் உட்காருகிறது. மெல்லிய உறையில் வரும் 600 மில்லி பசைக்கு இது உதவாது, அதற்கு மூடிய உருளை கன் வேண்டும்.

குறையும் உண்டு. குழாயின் உள்சவ்வைக் குத்தும் கம்பி மிகவும் குட்டை; நீண்ட மூக்கு மாட்டினால் எட்டாது. நான் பழைய குடைக்கம்பி ஒன்றை வைத்துக் குத்துகிறேன்.