பொருளியலுடன் வணிகக் கணிதமா, கணினிப் பயன்பாடுகளா?

பிளஸ் ஒன்னில் பொருளியலைத் தேர்ந்தெடுக்கும் தருமபுரி மாணவர்கள், வணிகவியல், கணக்குப்பதிவியலோடு நான்காவதாக எந்தப் பாடத்தை எடுப்பது என்று தயங்குகிறார்கள்.

பொருளியலுக்குத் துணை: பாலக்கோடு சந்தையில் தக்காளி வரத்து பெருகும் நாளில் கூடை விலை ஏன் அத்தனை வேகமாகச் சரிகிறது என்பதற்குத் தேவையின் நெகிழ்ச்சி (விலை மாறும்போது மக்கள் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பது) குறைவு என்று பொருளியல் காரணம் சொல்ல, அந்த நெகிழ்ச்சியை வகையிடல் (ஒன்று மாறும்போது மற்றொன்று மாறும் வீதத்தைக் காணும் கணித முறை) மூலம் கணக்கிட வணிகக் கணிதம் கற்றுத்தருகிறது. கணினிப் பாடத்தில் இத்தொடர்பு இல்லை.

மதிப்பெண்: கணினிப் பயன்பாடுகளில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20. வணிகக் கணிதத்தில் 90 மதிப்பெண்ணையும் எழுதியே பெற வேண்டும். அன்றாடப் பயிற்சி கட்டாயம்.

கல்லூரியிலும் பொருளியலையே தொடர விரும்புவோர் கணிதத்துக்கு அஞ்சி அதை விட்டுவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஓசூரில் அலுவலக வேலையை விரைவில் தேடுவோருக்குக் கணினிப் பாடம் பொருந்தும்.