உவர்மலை வீட்டு டே கெயார்: ஏணை இல்லை, கொப்பி உண்டு

84 வேலை நாள் பிரசவ லீவு முடியும்போது பிள்ளைக்கு நாலு மாதம்தான் ஆகியிருக்கும். மாகாண அலுவலகங்கள் நிறைந்த திருகோணமலை உவர்மலையில் தாய்மார் டே கெயார் தேடி அலைவது அப்போதுதான். இங்கே சொல்லப்படுவது விறாந்தையும் இரண்டு அறையும் கொண்ட வீட்டு டே கெயார் ஒன்று. பதினொரு பிள்ளைகள், மூன்று அன்ரிமார். ஒரு வயதுக்குக் கீழே மூன்று பேர். அவர்களுக்கென்றே ஓர் அன்ரி. ஒருவர் மூன்று கைக்குழந்தைக்கு மேல் பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

காலை ஒன்பது மணிக்கு எந்த டே கெயாரும் நன்றாகத்தான் தெரியும். போய்ப் பார்ப்பதென்றால் மத்தியானம் பன்னிரண்டரைக்கு, சொல்லாமல் போங்கள். சோறு ஊட்டுவது, பம்பர்ஸ் மாற்றுவது, நித்திரையாக்குவது எல்லாம் ஒரே நேரத்தில் வரும். ஓர் அன்ரி குசினியில், இன்னொருவர் சாப்பிடப் போய்விட்டார் என்றால் மூன்று பேர் என்ற கணக்கு ஒன்றாகிவிடும். இந்த வீட்டில் சமையலுக்குத் தனி ஆள். அன்ரிமார் மாறி மாறித்தான் சாப்பிடுகிறார்கள்.

ஏணை கட்டுவதில்லை என்பதுதான் அம்மம்மாமாரின் பெரிய முறைப்பாடு. ஆனால் ஏணைக்குள் நாடி நெஞ்சோடு ஒட்டி மூச்சுப்பாதை ஒடுங்கலாம். சேலை மடிப்பு மூக்கை மூடலாம். வெளியே நிற்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. இங்கே கெட்டியான தட்டை மெத்தை, தலையணை இல்லை, மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். வீட்டில் ஏணையிலேயே தூங்கிப் பழகிய பிள்ளை முதல் வாரம் அழுது தீர்க்கும். சேர்ப்பதற்கு இரண்டு கிழமை முன்பிருந்தே பகல் நித்திரையில் ஒன்றையாவது மெத்தையில் பழக்குங்கள்.

கொப்பிதான் இந்த இடத்தின் பலம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. '10.20 பால் 90 மில்லி. 11.05 நித்திரை. 12.10 மூத்திரம்.' ஒரு வரி நீலப் பேனையில், அடுத்தது கறுப்பில், நடுவில் பால் சொட்டிய கறை. நடக்க நடக்க எழுதிய கொப்பி அப்படித்தான் இருக்கும். எல்லா நேரமும் 10.00, 10.30, 11.00 என்று ஒரே மையில் வரிசையாக இருந்தால், அது பின்னேரம் குந்தியிருந்து நிரப்பியது.

சூப்பிப் போத்தல் எடுப்பதில்லை. பாலாடை அல்லது சிறு கோப்பையால்தான் பருக்குகிறார்கள். கறந்த பாலில் பெயர், திகதி, நேரம் ஒட்டி, ஐஸ் பையோடு கொடுக்க வேண்டும். அது பிரிட்ஜின் கதவில் இல்லாமல் உள்ளே பின்பக்கம் போகிறதா என்று பாருங்கள். வெளியே நாலு மணித்தியாலம் தாங்கும் என்ற கணக்கு 25 பாகை வரைக்கும்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலைக்கு அது பொருந்தாது. பிள்ளை குடித்து மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு ஊற்றிவிட வேண்டும்.

மருந்து விடயத்தில் கண்டிப்பானவர்கள், நல்லது. பரசிற்றமோல் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. எட்டுக் கிலோப் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு 120 போதும். 'ஒரு கரண்டி குடுங்கோ' என்று சொல்லிவிட்டு 250 போத்தலை வைத்துவிட்டு ஓடினால் இரண்டு மடங்கு போய்விடும். போத்தலில் உள்ள அளவு, கடைசியாகக் கொடுத்த நேரம் இரண்டையும் எழுதிக் கையெழுத்து வைக்காமல் மருந்தை வாங்கமாட்டார்கள்.

கூட்டிப்போக வருபவர்களின் பட்டியலும் அடையாள அட்டை இலக்கத்தோடு இருக்கிறது. 'இண்டைக்கு மாமா வருவார்' என்ற போன் அழைப்பு செல்லாது. கோபப்படாதீர்கள், மாமாவின் பெயரை முதலே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அன்ரிமாரோடு உறவு காலையில் வாசலில் இரண்டு நிமிடத்தில்தான் வளரும்: இரவு எத்தனை மணிக்கு எழும்பினது, கடைசியாக எப்போது குடித்தது, காய்ச்சல் குணம் ஏதும் உண்டா. ஓட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு பிள்ளையை எறிந்துவிட்டுப் போகிறவர்களுக்குப் பின்னேரமும் 'ஓம், நல்லா இருந்தது' என்ற பதில்தான் கிடைக்கும். கடித்த அடையாளம் கண்டால் நேரத்தையும் என்ன செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். கடித்த பிள்ளையின் பெயரைச் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. பெரிய குறை என்றால் மற்றத் தாய்மார் நிற்கும்போது அன்ரியிடம் பாயாமல், ஐந்து மணிக்குப் பிறகு பொறுப்பாளரிடம் பேசுங்கள். பிள்ளைக்கு ஊறு நடந்ததென்ற சந்தேகம் வேறு வகை, அதற்குச் சிறுவர் உதவித் தொலைபேசி 1929.

குறைகள்: லீவு நாட்களுக்குக் கட்டணம் கழிப்பதில்லை, அதையும் கேட்டால்தான் சொல்கிறார்கள். ஓடி விளையாட வளவு போதாது. மூன்று வயதுக்காரருக்கு முன்பள்ளியோடு சேர்ந்த நிலையம்தான் சரி. சேர்க்க முன் அந்தப் பகுதிக் குடும்பநல மருத்துவிச்சியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீடு வீடாகப் போகிறவர், எந்த வீடு எப்படி என்று அவருக்குத் தெரியும்.

ஒரு வயதுக்குக் கீழே என்றால் இந்த இடத்தைத் தயங்காமல் சொல்லலாம், ஒரு நிபந்தனையோடு. பின் வளவில் மூடியில்லாத தண்ணீர்ப் பரல் ஒன்று, பக்கத்தில் அரைவாசி நிரம்பிய வாளி ஒன்று. தவழ்கிற பிள்ளை மூழ்க அந்த வாளியே போதும். மாரி தொடங்கினால் பரலில் டெங்கு நுளம்பு. 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டுக்குப் பிறகும் பரலுக்கு மூடி போடவில்லை என்றால், மூடி வரும்வரை முற்பணம் கட்டாதீர்கள்.